சிங்கப்பூர் 4 ராத்திரி: ஒரு ஸ்ட்ரோலர், 2 பிள்ளைகள், முட்டிவலியோடு பாட்டி. யுனிவர்சலுக்கு எப்படித் திட்டம் போடுவது?

#1 உறையூர்_அம்மா
திருச்சியிலிருந்து சனிக்கிழமை காலையில் இறங்குறோம், புதன்கிழமை மதியம் கிளம்பறோம். பெரியவளுக்கு 5 வயசு, 104 செ.மீ., 17 கிலோ. சின்னவனுக்கு 1 வயசு 10 மாசம், 84 செ.மீ. கூட எங்கம்மா வர்றாங்க. முட்டிவலி, நடப்பாங்க, ஆனா படி ஏற முடியாது. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஒரு நாள், கார்டன்ஸ் பை த பே ஒரு நாள், மிருகக்காட்சி சாலை ஒரு நாள்னு நினைச்சிருக்கோம். மூணு கேள்வி:
ஸ்ட்ரோலர் (பிள்ளையைத் தள்ளிட்டுப் போற வண்டி) இங்கிருந்து தூக்கிட்டு வரணுமா, அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமா?
ரூம் யுனிவர்சல் இருக்கிற செந்தோசா தீவுலேயே போடலாமா, லிட்டில் இந்தியாவிலா?
யுனிவர்சல்ல வரிசையைச் சீக்கிரம் தாண்ட வைக்கிற எக்ஸ்பிரஸ் பாஸ் அவசியமா?
விமான டிக்கெட் மட்டும்தான் போட்டாச்சு. மத்தது எல்லாம் இனிமேல்தான்.

#2 தேக்கா_வாசி
ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில். லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் எம்ஆர்டி (நகர ரயில்) ஸ்டேஷன் பக்கத்துல போடுங்க. ரெண்டுமே ஊதா நிற வடகிழக்குப் பாதையில இருக்கு. அந்தப் பாதையோட கடைசி ஸ்டேஷன்தான் ஹார்பர்ஃப்ரண்ட், செந்தோசாவோட வாசல். லிட்டில் இந்தியாவுல ஏறினா டோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க், அடுத்தது ஹார்பர்ஃப்ரண்ட். எங்கேயும் மாற வேண்டாம். ஸ்ட்ரோலர் வச்சிருக்கிறவங்களுக்கு ரயில்ல எத்தனை நிமிஷம்ங்கறது பெருசில்ல. எத்தனை தடவை மாறணும்ங்கறதுதான் கணக்கு, ஏன்னா ஒவ்வொரு மாற்றமும் ஒரு லிஃப்ட் வரிசை.

கார்டன்ஸுக்கும் அதே லிட்டில் இந்தியா ஸ்டேஷன்ல நீல நிற டவுன்டவுன் பாதை இருக்கு. ரோச்சோர், பூகிஸ், புரோமனாட், பேஃபிரண்ட்: நாலே நிறுத்தம். மிருகக்காட்சி சாலைதான் கொஞ்சம் தூரம். டோபி காட்டுல சிவப்புப் பாதைக்கு மாறி காத்திப் வரைக்கும் போய், அங்கிருந்து மண்டாய் ஷட்டில் பஸ். டோபி காட்ல பாதை மாற ரொம்ப நடக்கணும். பாட்டியை அவசரப்படுத்தாதீங்க.

செந்தோசாவுல தங்கினா ஒரு நாள் சுகம், மீதி மூணு நாள் தினமும் தீவை விட்டு வெளிய வந்து போகணும். காலையில இட்லியும் கிடைக்காது.

#3 சிக்கனசிகாமணி
ஸ்ட்ரோலர் எதுக்குங்க தூக்கிட்டுப் போறது? யுனிவர்சல் உள்ளேயே வாடகைக்குத் தர்றாங்க, மிருகக்காட்சி சாலையிலும் தர்றாங்க. மீதி இடத்துக்கு இடுப்புல தூக்கிக்கலாம். ஏர்போர்ட்ல ஒரு சுமை குறையும்.

#4 மடக்குவண்டி
#3 சொல்றதுல பாதி சரி. பார்க்ல வாடகைக்கு எடுக்கிற வண்டி பார்க் வாசலைத் தாண்டாது. ஆனா பிள்ளை தூங்குறதே வாசலுக்கு வெளியேதான்: ஹோட்டல்லேருந்து ஸ்டேஷன், ரயில், மால், திரும்பி வர்ற ராத்திரி. 11 கிலோ தூங்குற பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, இன்னொரு கையில அஞ்சு வயசுக்காரி, பக்கத்துல முட்டிவலி அம்மா. இது நடக்காத காரியம்.

என் கணக்கு: சின்னவனுக்குச் சொந்த வண்டி, பெரியவளுக்கு யுனிவர்சல் உள்ளே மட்டும் வாடகை வண்டி. அஞ்சு வயசுப் பிள்ளை மதியம் 2 மணிக்கு மேல கண்டிப்பா "கால் வலிக்குது"ன்னு உட்கார்ந்துடும். அப்போ அவளைத் தம்பி வண்டியில உட்கார வைக்கத் தோணும். அதுக்கு முன்னாடி வண்டி அடியில ஒட்டியிருக்கிற லேபிளைப் பாருங்க. சின்னதா மடங்குற வண்டிகள்ல பலது 15 கிலோவுக்குத்தான், சிலது 22 கிலோவுக்கு. உங்க பொண்ணு 17. 15 கிலோ வண்டியில அவளை உட்கார வச்சா உடனே எதுவும் உடையாது. முன் சக்கரம் ஆட ஆரம்பிக்கும், மடக்குற மூட்டுல பிளாஸ்டிக் வெளுத்துக் கோடு விழும். அப்புறம் ஒரு நாள் மடங்காது, இல்ல விரிஞ்சா நிக்காது.

வாங்கறதா இருந்தா பார்க்க வேண்டியது: எடை 7 கிலோவுக்குள்ள, ஒரு கையால மடங்கணும், மடங்கினதும் தானா நிக்கணும், முதுகு நல்லாச் சாயணும், கூரை நெத்தி வரைக்கும் இறங்கணும். குடைக்கம்பு மாதிரி நீளமா மடங்குற வண்டி விலை கம்மிதான், ஆனா அதுல பெரும்பாலும் முதுகு சாயாது. தூங்குற பிள்ளையோட தலை முன்னாடி தொங்கும்.

இன்னொண்ணு. கைப்பிடியில பை மாட்டற பழக்கம் எல்லார்கிட்டயும் இருக்கு. லேசான வண்டியில 4 கிலோ பையை மாட்டிட்டுப் பிள்ளையைத் தூக்கினீங்கன்னா வண்டி பின்னாடி மல்லாந்துடும். தண்ணி பாட்டில், டயப்பர் எல்லாம் சீட்டுக்கு அடியில இருக்கிற கூடையில போகட்டும். முதல்ல பை, அப்புறம் பிள்ளைன்னு எடுக்கிற வரிசையைப் பழகிக்குங்க.

#5 ராத்திரிவிமானம்
விமான விஷயம் மட்டும் சொல்றேன்.
சின்னவனோட பிறந்தநாள் எப்போன்னு பாருங்க. ரெண்டு வயசு முடியாத பிள்ளை மடியில வரலாம். திரும்பி வர்ற தேதிக்குள்ள ரெண்டு முடிஞ்சுட்டா அந்தப் பயணத்துக்குத் தனி சீட்டு வாங்கணும். செக்-இன் கவுண்டர்ல தெரிஞ்சா அங்கே விலை வேற மாதிரி இருக்கும்.
ஸ்ட்ரோலரை கேட் வரைக்கும் தள்ளிட்டுப் போகக் கேளுங்க. செக்-இன்லயே டேக் கட்டிடுவாங்க, விமான வாசல்ல மடக்கிக் கொடுக்கணும். டேக் கட்டும்போதே கேட்க வேண்டிய கேள்வி: "சாங்கி ஏர்போர்ட்ல இது விமான வாசல்ல வருமா, பெல்ட்ல வருமா?" பெல்ட்னா இமிகிரேஷன் தாண்டி பெல்ட் வரைக்கும் பிள்ளையைத் தூக்கணும். கொடுக்கும்போது கூடையைக் காலி பண்ணிடுங்க, கூரையையும் கழட்ட முடிஞ்சா கழட்டிடுங்க. முதல்ல உடையறது கூரைக் கிளிப்தான்.
இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும், கைக்குழந்தைக்கும் தனி விசா. எஸ்ஜி அரைவல் கார்டுங்கற ஆன்லைன் வருகைப் படிவத்தை இறங்கற நாளைச் சேர்த்து மூணு நாளுக்குள்ள நிரப்பணும். அது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவா இருந்தாலும் அரசாங்கத்தோடது இல்ல. அஞ்சு பேருக்கும் அஞ்சு.

#6 உறையூர்_அம்மா
பிறந்தநாள் திரும்பி வந்து 19 நாள் கழிச்சுத்தான், தப்பிச்சேன். வண்டி லேபிளைப் பார்த்தேன், 15 கிலோன்னு போட்டிருக்கு. நல்ல வேளை கேட்டேன்.
@தேக்கா_வாசி ஹார்பர்ஃப்ரண்ட்ல இறங்கின பிறகு படி இல்லாம யுனிவர்சல் வாசல் வரைக்கும் போக முடியுமா? பிள்ளைகளுக்கு ரயில் டிக்கெட் உண்டா?

#7 தேக்கா_வாசி
முடியும். ஒரு படி கூட ஏற வேண்டாம். வரிசையாச் சொல்றேன்.

ஹோட்டல்லேருந்து கிளம்பும்போது கிட்ட இருக்கிற ஸ்டேஷன் வாசல்ல போய் நிக்காதீங்க. எல்லா வாசல்லயும் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் உள்ள வாசல் எதுன்னு வரைபடத்துல பார்த்து, அதுக்கு நடங்க. ரோட்டை ஒருதடவை கூடுதலாக் கடந்தாலும் பரவாயில்ல.

கட்டண வாயில்ல சக்கர நாற்காலிப் படம் போட்ட அகலமான வாயில் ஒண்ணு இருக்கும். அதுலதான் போகணும். பெரியவங்க மூணு பேருக்கும் தனித்தனி அட்டை வேணும், ஒரே அட்டையை மூணு தடவை தட்ட முடியாது. காண்டாக்ட்லெஸ் விசா, மாஸ்டர்கார்டு வேலை செய்யும். ஆனா வெளிநாட்டு அட்டைக்கு நாள் கட்டணம் தனியாச் சேரும். அதனால ஈசி-லிங்க் அட்டை வாங்கறது நல்லது. 90 செ.மீ.க்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இலவசம், சின்னவன் வண்டியில உட்கார்ந்தபடியே போகலாம். பெரியவள் 90-ஐத் தாண்டிட்டா, ஆனா 7 வயசு ஆகல. அந்த வயசுக்குக் குழந்தைச் சலுகை அட்டை இருக்கு. பாஸ்போர்ட்டோட டிக்கெட் அலுவலகத்துல கேளுங்க.

பிளாட்ஃபாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவுல இருக்கிற சந்துல சின்னச் சக்கரம் மாட்டும். கோணலாப் போகாதீங்க. நேரா நின்னு, கைப்பிடியை லேசா அழுத்தி, முன் சக்கரத்தைத் தூக்கி உள்ளே வைங்க. ஏறினதும் பிரேக். ரயிலுக்குள்ள சாப்பிடவும் குடிக்கவும் கூடாது, அபராதம் 500 வெள்ளி வரைக்கும். பால் பாட்டில், பிஸ்கட் எல்லாம் வாயிலுக்கு வெளியேயே முடிச்சுடுங்க.

ஹார்பர்ஃப்ரண்ட்ல இறங்கினா தலைக்கு மேலதான் விவோசிட்டி மால். லிஃப்ட்ல 3-ம் மாடி. அங்கே செந்தோசா எக்ஸ்பிரஸ் ஸ்டேஷன். தீவுக்குள்ள போக ஆளுக்கு 4 வெள்ளி, திரும்பி வர இலவசம். முதல் நிறுத்தம் ரிசார்ட்ஸ் வேர்ல்ட். இறங்கி நடந்தா உலக உருண்டை சுத்திக்கிட்டு நிக்கும், அதுக்குப் பின்னாடிதான் வாசல்.

மாட்டிக்கிற இடம் விவோசிட்டி லிஃப்ட். சனி, ஞாயிறு காலைல அதுக்கே நீளமா வரிசை நிக்கும். எஸ்கலேட்டர்ல ஸ்ட்ரோலரைச் சாய்ச்சுக்கிட்டுப் போறவங்களைப் பார்த்து நீங்களும் இறங்கிடாதீங்க. அவசரம்னா மாலோட வேற மூலையில இருக்கிற லிஃப்டைப் பிடிச்சு, 3-ம் மாடியில நடந்து வாங்க. இல்லாட்டி ரயிலை விட்டுட்டு செந்தோசா போர்டுவாக்ல போயிடுங்க. கடல் மேல கூரை போட்ட நடைபாதை, நகரும் தரையும் உண்டு, காசு கிடையாது. ஸ்ட்ரோலருக்கு அது ரயிலை விட சுகம். பாட்டிக்கு மட்டும் யோசிங்க.

#8 உறையூர்_அம்மா
வெள்ளின்னா டாலர்தானே? ஒரு நிமிஷம் பயந்துட்டேன்.

#9 தேக்கா_வாசி
ஆமா ஆமா, சிங்கப்பூர் டாலர். இங்கே நாங்க வெள்ளின்னுதான் சொல்வோம். லிட்டில் இந்தியாவுல இருக்கிற தேக்கா சந்தையிலும் அப்படிக் கேட்டா புரியும்.

#10 கூரைநிழல்
யுனிவர்சலுக்கு வரேன். பிள்ளைகளோட போறவங்க வரைபடத்தை முதல்ல பார்க்கிறாங்க. பார்க்க வேண்டியது ஒவ்வொரு சவாரிக்கும் குறைஞ்சபட்ச உயரம் எத்தனை செ.மீ.ங்கற பட்டியல். பெரியவள் 104-ன்னா கணக்கு இது:

ஏறலாம்: கேனபி ஃப்ளையர் 92, என்சான்டட் ஏர்வேஸ் 92, பஸ் இன் பூட்ஸ் 100, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 102.
ஏற முடியாது: ஜுராசிக் பார்க் ராப்பிட்ஸ் 107, ரிவெஞ்ச் ஆஃப் த மம்மி 122, பேட்டில்ஸ்டார் 125.
நியூயார்க் பகுதியில இருக்கிற செசமி ஸ்ட்ரீட் சவாரிக்குச் சின்னவனும் வரலாம், பெரியவங்க கூட உட்காரணும்.

104 வீட்டுச் சுவத்துல அளந்ததா இருந்தா மறுபடி அளந்துடுங்க. சவாரி வாசல்ல ஊழியர் அளவுகோல் வச்சுப் பார்ப்பார், அவர் சொல்றதுதான் முடிவு. 102-க்கு ஒரு செ.மீ. குறைஞ்சாலும் அழுகை உங்களுக்குத்தான். டிரான்ஸ்ஃபார்மர்ஸ்ல உயரம் பிரச்சினை இல்ல, இருட்டும் சத்தமும்தான் பிரச்சினை. முப்பரிமாணக் கண்ணாடி போட்டு, முகத்துக்கு நேரா ரோபோ சண்டை. பயந்த சுபாவம்னா விட்டுடுங்க.

இப்போ எக்ஸ்பிரஸ் பாஸ். அது நுழைவுச் சீட்டு இல்ல, அதுக்கு மேல தனியா வாங்கறது. உங்க குடும்பத்துக்கு வேண்டாம். நீங்க காசு கொடுக்கிற சவாரிகள்ல மூணுல பொண்ணு ஏற முடியாது, பாட்டி ஏறப் போறதில்ல, சின்னவன் பெரும்பாலும் எதுலயும் இல்ல. அதுக்குப் பதிலா சைல்ட் ஸ்விட்ச் கேளுங்க, இலவசம். சவாரி வாசல்லயே ஊழியர்கிட்ட சொல்லணும், வரிசை முடியற இடத்துல போய்ச் சொன்னா குழப்பம். ஒரு பெரியவர் சவாரி போகும்போது இன்னொருத்தர் பிள்ளையோட இருப்பார். அவர் வந்ததும் இவர் மறுபடி வரிசை நிக்காம போகலாம். உங்களுக்குப் பாட்டியும் இருக்காங்க. ஆனா ரெண்டு பிள்ளையையும் அவங்ககிட்ட விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் போறது வேண்டாம். ரெண்டும் ஆளுக்கொரு திசையில ஓடும்.

#11 சிக்கனசிகாமணி
எக்ஸ்பிரஸ் வேண்டாம்னு நான் சொன்னா கஞ்சன்னு சொல்வீங்க, அவர் சொன்னா நிபுணர்! சரி, நானும் ஒண்ணு சேர்க்கறேன். 4 வயசு ஆகாத பிள்ளைக்கு நுழைவுச் சீட்டே கிடையாது. உங்களுக்கு மூணு பெரியவர் சீட்டு, ஒரு குழந்தைச் சீட்டு, அவ்வளவுதான். சில முன்பதிவுத் தளத்துல சின்னவனையும் சேர்த்து நாலு வயசுன்னு போட்டுடறாங்க, பார்த்துக்குங்க. சீட்டு தேதி போட்டுத்தான் வரும், அதனால நாளை முடிவு பண்ணிட்டு வாங்குங்க.

#12 கூரைநிழல்
நாள் வரிசை. பெரும்பாலான நாள் 10 மணிக்குத் திறக்கும், அன்னிக்கு நேரம் என்னன்னு பார்க்கோட நாட்காட்டியில பார்த்துக்குங்க. செப்டம்பர், அக்டோபர்ல போறதா இருந்தா கூடுதல் கவனம். ஹாலோவீன் நிகழ்ச்சி இருக்கிற நாள்ல பகல் கூட்டத்தைச் சீக்கிரம் வெளியே அனுப்பிடுவாங்க. காலாண்டு விடுமுறையில வர்ற நம்ம ஆட்கள் இதுல மாட்டுவாங்க.

பார்க் ஒரு குளத்தைச் சுத்தி வளையமா இருக்கு. ஹாலிவுட் வாசல், ஒரு பக்கம் நியூயார்க், மறுபக்கம் மினியன் லேண்ட். 2025 பிப்ரவரியில திறந்த பகுதிங்கறதால காலையில கூட்டம் முழுக்க மினியனுக்குத்தான் ஓடும். நீங்களும் ஓடறதா இருந்தா 9:30-க்கே வாசல்ல நிக்கணும். முடியாதா, எதிர்ப்பக்கம் போங்க.

காலைல வெயில் ஏறுறதுக்குள்ள திறந்தவெளிச் சவாரிகளை முடிச்சுடுங்க: என்சான்டட் ஏர்வேஸ், கேனபி ஃப்ளையர். மதியம் இடி வந்தா திறந்தவெளிச் சவாரி நின்னுடும், மழை விட்ட பிறகும் உடனே ஓடாது. அந்த நேரத்துக்குக் கூரைக்குள்ள இருக்கிறதை வச்சுக்குங்க: செசமி ஸ்ட்ரீட், டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மினியன். ஹாலிவுட்டுக்கும் நியூயார்க்குக்கும் மேலே பெரிய கூரை இருக்கு, மழைக்கு ஒதுங்க நல்ல இடம். பலர் தலைகீழாப் பண்றாங்க. காலைக் குளிர்ச்சியில ஏசிக்குள்ள நின்னுட்டு, மதியம் வெயில்ல வரிசை.

வாட்டர்வேர்ல்ட் காட்சிக்குப் போனா நனையற இருக்கைகளை நிறம் பிரிச்சுக் காட்டியிருப்பாங்க. பாட்டியை அதுல உட்கார வச்சுடாதீங்க.

ஸ்ட்ரோலரைச் சவாரிக்குள்ள கொண்டு போக முடியாது. ஒவ்வொரு சவாரிக்கும் வெளியே நிறுத்தற இடம் இருக்கும். ஊழியர்கள் இடம் பண்றதுக்காக நகர்த்தி வைப்பாங்க, அதனால விட்ட இடத்துல இல்லன்னா பதறாதீங்க, ரெண்டு வரிசை தள்ளித் தேடுங்க. ஒரே கறுப்பு வண்டி முப்பது நிக்கும். கைப்பிடியில சிவப்பு ரிப்பன் கட்டிடுங்க. பாஸ்போர்ட், போன் எதையும் வண்டியில விடாதீங்க.

#13 மடக்குவண்டி
நிறுத்தற இடம் பத்தி ஒரு சேர்க்கை. அந்த இடங்கள்ல பாதிக்குக் கூரை இல்ல. வெயில்ல அரை மணி நின்ன வண்டியோட பக்கிள் தொடையில பட்டா சுரீர்னு சுடும். போகும்போது கூரையை முழுசா இழுத்து விட்டு, சீட்டு மேல ஒரு வெள்ளைத் துண்டு போட்டுட்டுப் போங்க. மேகம் கறுத்திருந்தா துண்டுக்குப் பதிலா மழை உறையை மாட்டிட்டுப் போங்க. பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது நனையறதை விட, ஆளில்லாம நிக்கும்போதுதான் சீட்டு ஊறிப் போகும். ஊறின சீட்டு அங்கே இருக்கிற ஈரக்காத்துல ராத்திரிக்குள்ள காயாது.

பிள்ளை தூங்கினதும் வெயிலுக்குச் சேலைத் தலைப்பையோ துண்டையோ முழுசா மூடித் தொங்க விடறாங்க. அதைச் செய்யாதீங்க. உள்ளே காத்து நின்னு வெப்பம் ஏறும், முகமும் தெரியாது. கூரை, நிழல், கிளிப் ஃபேன் போதும். ஃபேன்ல விரல் போகாத மாதிரி ஸ்பாஞ்ச் இறக்கை உள்ளதா வாங்குங்க. மழை உறையும் அப்படித்தான்: மழை விட்ட நிமிஷம் எடுத்துடணும், அது பிளாஸ்டிக் கூண்டு.

#14 உறையூர்_அம்மா
எல்லாம் குறிச்சுக்கிட்டேன். ஏர்போர்ட்லேருந்து ஹோட்டல்? அஞ்சு பேர், ரெண்டு பெரிய பெட்டி, ஸ்ட்ரோலர். ஆப்ல கூப்பிடற கிராப் கார் போடலாமா?

#15 தேக்கா_வாசி
இங்கேதான் சட்டம் குறுக்கே வரும். 1.35 மீட்டருக்குக் கீழே இருக்கிறவங்களுக்குத் தனியார் கார்ல குழந்தை இருக்கை கட்டாயம், கிராப் மாதிரி வாடகைக் காருக்கும் அதே விதி. டாக்சிக்கு மட்டும் விலக்கு. சாதாரண கிராப் கார் புக் பண்ணினா டிரைவர் ரெண்டு பிள்ளையைப் பார்த்துட்டு ஏத்த மாட்டேன்னு சொல்வார். அவர் மேல தப்பில்ல, அபராதம் அவருக்கு. ஆப்ல டாக்சின்னு தேர்ந்தெடுங்க, இல்ல குழந்தை இருக்கையோட வர்ற கிராப்ஃபேமிலி போடுங்க.

அஞ்சு பேர் சாதாரண டாக்சியில ஏற முடியாது, நாலு பேர்தான். ரெண்டு டாக்சி பிடிக்கலாம், இல்ல மேக்சிகேப்னு சொல்ற பெரிய டாக்சி கேளுங்க. பெட்டிங்க இருக்கிறதால எனக்குப் பெரிய டாக்சிதான் சரின்னு படுது. ரயில்ல வரணும்னா ஏர்போர்ட்லேருந்து ஒரே நிறுத்தம் எக்ஸ்போ. அங்கே டவுன்டவுன் பாதைக்கு மாறினா நேரா லிட்டில் இந்தியா. ஒரே ஒரு மாற்றம்தான். ஆனா ராத்திரி முழுக்கத் தூங்காத பிள்ளைகளோட அந்த நீள ரயிலை நான் சொல்ல மாட்டேன். திரும்பிப் போகும்போது வேணும்னா பாருங்க.

பஸ்லயும் ஸ்ட்ரோலரை மடக்காமலே ஏத்தலாம், 2017 ஏப்ரல்லேருந்து அனுமதி. சக்கர நாற்காலி நிக்கிற இடத்துல பிரேக் போட்டு நிறுத்தணும், நாற்காலிக்காரர் வந்தா மடக்கி இடம் விடணும்.

லிட்டில் இந்தியாவுல ஒரு எச்சரிக்கை. கடை முன்னாடி இருக்கிற அஞ்சடிப் பாதை பார்க்க நிழலா இருக்கும். ஸ்ட்ரோலருக்கு அது எமன். ஒவ்வொரு கடைக்கும் தரை உயரம் வேற, நடுவுல ஒரு படி, ஒரு பூக்கூடை, வாழைப்பழச் சீப்பு, செருப்பு ரேக். பத்தடிக்கு ஒருதடவை தூக்கணும். வண்டியோட போனா கேம்பல் லேன் பக்கம் போங்க, அங்கே கார் வராது. ஞாயிறு சாயங்காலம் வேலை விடுமுறையில வர்ற நம்ம ஆட்களால அந்த வட்டாரமே நிரம்பி வழியும். திருவிழா மாதிரி நல்லாத்தான் இருக்கும், ஆனா சக்கரம் நகராது. 5 மணிக்குள்ள ரூமுக்கு வந்துடுங்க.

#16 சிக்கனசிகாமணி
சாப்பாடு யாரும் சொல்லலையே. பார்க்குக்குள்ள வெளிச் சாப்பாடு கூடாது, குழந்தைச் சாப்பாட்டுக்குத் தடையில்ல. ரசஞ்சாதத்தைக் குழந்தை டப்பாவுல வைங்க, அண்டா அளவுக்கு வேண்டாம்! காலைல தேக்கா சந்தையிலயோ, 1947-லேருந்து சிராங்கூன் ரோட்டுல இருக்கிற கோமள விலாஸ்லயோ வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. டயப்பரை ஊர்லேருந்து நாலு நாளுக்கும் அடுக்கிட்டு வராதீங்க, முதல் நாளுக்கு மட்டும் போதும், ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட்ல கிடைக்கும். பால் பவுடர் மட்டும் பழகின டின்னையே கொண்டு வாங்க.

#17 உறையூர்_அம்மா
இதுதான் இப்போதைய திட்டம், தப்பு இருந்தா சொல்லுங்க:
சனி: இறங்கி, பெரிய டாக்சி, ஃபேரர் பார்க் ஹோட்டல், தூக்கம். சாயங்காலம் கேம்பல் லேன்.
ஞாயிறு: மிருகக்காட்சி சாலை, 5 மணிக்குள்ள ரூம்.
திங்கள்: காலைல கார்டன்ஸ்ல பிள்ளைகள் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா, சாயங்காலம் 7:45 விளக்குக் காட்சி.
செவ்வாய்: யுனிவர்சல்.
புதன்: கிளம்பல்.

#18 கூரைநிழல்
திங்களையும் செவ்வாயையும் மாத்துங்க. அந்தக் குழந்தைகள் பூங்கா திங்கள்கிழமை மூடியிருக்கும், பொது விடுமுறை வந்தாத்தான் திறப்பாங்க. யுனிவர்சலுக்கும் திங்கள் நல்ல நாள்தான். இன்னொரு லாபம், கிளம்பறதுக்கு முந்தின நாள் லேசா இருக்கும். விளக்குக் காட்சி 8:45-க்கும் உண்டு. சின்னவன் சாயங்காலம் தூங்கிட்டா அதுக்குப் போங்க.

#19 தேக்கா_வாசி
ஹோட்டல் ஃபேரர் பார்க்னா ஊதா ரயில் ஒரு நிறுத்தம் கூடுது, பரவாயில்ல. ஆனா செவ்வாய் கார்டன்ஸுக்கு லிட்டில் இந்தியாவுல நீலப் பாதைக்கு மாறணும். பாட்டிக்காக ஒரு மாற்றத்தையும் தவிர்க்கணும்னா லிட்டில் இந்தியா ஸ்டேஷனை ஒட்டியே ரூம் பாருங்க. தண்ணீர் விளையாட்டுக்கு நீச்சல் டயப்பர் எடுத்துக்குங்க, சாதா டயப்பர் தண்ணில ஊதி முட்டிக்குக் கீழே தொங்கும்.

#20 உறையூர்_அம்மா
மாத்திட்டேன். திங்கள் யுனிவர்சல், செவ்வாய் கார்டன்ஸ். ரூம் இன்னும் போடல, லிட்டில் இந்தியா ஸ்டேஷன் லிஃப்ட் எந்த வாசல்னு பார்த்துட்டு அதுக்குப் பக்கத்துலயே தேடறேன். பொண்ணை மறுபடி சுவத்துல நிக்க வச்சு அளந்தாச்சு: 103.